எல்லாச் சுரமும் ஒரே எடை

பால்டிமோர் நகரத்தில் பென் கிளாஸ் என்பவர் ரேடியோக் கடை வைத்திருந்தார். ரேடியோ ரிப்பேரில் ஆரம்பித்து, ஓரமாக இசைத்தட்டும் விற்கத் தொடங்கி, நாளடைவில் இசைத்தட்டே பிரதான வியாபாரமாகிவிட்டது. விற்காமல் தேங்கிப்போன தட்டுகளை அவர் ராத்திரி வீட்டுக்கு எடுத்து வருவார். இது ஏன் போகவில்லை, இதில் என்ன கோளாறு என்று தெரிந்துகொள்ளப் போட்டுக் கேட்பார். கேட்கக் கேட்க அவருக்கே பிடித்துப்போய்விடும். பார்டோக், ஸ்ட்ராவின்ஸ்கி, ஷோஸ்டகோவிச் எல்லாம் அந்த வீட்டுக்குள் விலைபோகாத சரக்காகத்தான் வந்தார்கள்.

பென் கிளாஸின் மகன் பிலிப், 1937 ஜனவரி 31 அன்று பிறந்தவர். சின்ன வயதிலேயே கடையில் நின்று வேலை பார்த்தவர். பதின்ம வயதில் மேல்நாட்டுச் செவ்வியல் இசைத்தட்டுகளைக் கொள்முதல் செய்யும் பொறுப்பு அவரிடம் வந்தது. பையன் உற்சாகத்தில் ஷோன்பெர்க்கின் ஸ்ட்ரிங் குவார்டெட் தட்டுகளை நான்கு செட் வரவழைத்துவிட்டான். கேட்பவரைக் கொஞ்சமும் கொஞ்சாத இசை அது. என்னைத் தெருவில் நிறுத்தப் பார்க்கிறாயா என்று அப்பா கேட்டார். ஆனாலும் திருப்பி அனுப்பவில்லை. மற்ற தட்டுகளோடு அலமாரியில் வைக்கச் சொன்னார். நான்கும் விற்றுத் தீர ஏழு வருஷம் ஆனது. கடைசிச் செட் போன அன்று அப்பா சொன்ன பாடம், போதிய நேரம் இருந்தால் எதையும் விற்றுவிடலாம் என்பது. பிற்காலத்தில் கிளாஸ் தம் வாழ்க்கை வரலாற்றில் இதை விவரமாக எழுதியிருக்கிறார். அவருடைய தொழில் வாழ்க்கை முழுவதற்கும் அந்த அலமாரியே அஸ்திவாரம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் வயலின் வாசிக்கிறவன். மேடையில் தனியாக உட்கார்ந்து கச்சேரி செய்பவன் அல்ல. திரைப்பட ஒலிப்பதிவுகளில் செகண்ட் வயலின் வரிசையில் உட்கார்ந்து, எதிரே ஸ்டாண்டில் இருக்கும் நொட்டேஷனைப் பார்த்து வாசிப்பவன். வடபழனி, சாலிகிராமம் பக்கத்து ஸ்டூடியோக்களில் கால்ஷீட் கணக்கில் பிழைத்தவன். கம்ப்யூட்டரும் கீபோர்டும் வந்து வயலின் வரிசைகள் சுருங்கிய பிறகு, டிரினிட்டி கிரேடு தேர்வுக்குப் போகும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். 2025 மார்ச்சில் இளையராஜா லண்டனில் தம் சிம்ஃபொனியை அரங்கேற்றியதிலிருந்து, சொந்தமாக எழுத ஆசைப்படும் பிள்ளைகள் கூடியிருக்கிறார்கள். கூடவே அவர்களுடைய அம்மாக்களின் கேள்வியும் கூடியிருக்கிறது: "சார், பொண்ணு நல்லா எழுதுறா, சரி. ஆனா இத வெச்சுப் பொழைக்க முடியுமா?"

நியாயமான கேள்வி. அதற்கு நான் சொல்லும் பதிலில் பிலிப் கிளாஸ் கட்டாயம் வருவார். இன்று உலகில் அதிகம் வாசிக்கப்படும் செவ்வியல் இசையமைப்பாளர்களில் ஒருவர் அவர். நாற்பத்தொரு வயது வரை அந்தத் தொழில் அவருக்குச் சோறு போடவில்லை.

படிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 15 வயதில் சிகாகோ பல்கலைக்கழகம், அங்கே கணிதமும் தத்துவமும். பிறகு இசை படிக்க நியூயார்க்கின் ஜூலியார்டுக்குப் போக ஆசை. நியூயார்க் போனால் உன் மாமா மாதிரி ஊர் ஊராக அலைந்து ஹோட்டல் அறைகளில் காலம் தள்ள வேண்டியதுதான் என்று அம்மா எச்சரித்தார். பணத்துக்காக பால்டிமோர் எஃகு ஆலையில் சில மாதம் வேலை செய்து சேர்த்துக்கொண்டு ஜூலியார்டுக்குப் போனார். முதுகலைப் பட்டம் வாங்கினார். அதன்பின் பிட்ஸ்பர்க் நகரத்துப் பள்ளிக்கூடங்களுக்காகப் பிள்ளைகள் வாசிக்கக்கூடிய துண்டுகளை எழுதும் வேலை. 1964இல் உதவித்தொகை பெற்று பாரிஸுக்கு, நாடியா பூலாஞ்சே அம்மையாரிடம். எழுபது வயதைத் தாண்டிய அந்த அம்மையார், ஜூலியார்டு பட்டதாரியை மறுபடியும் அரிச்சுவடியில் உட்கார வைத்தார். ஒரு சுரத்துக்கு எதிரே ஒரு சுரம் என்று ஆரம்பிக்கும் கவுண்டர்பாயின்ட் பயிற்சி. வாரந்தோறும் பக்கம் பக்கமாக எழுத வேண்டும்.

கிளாஸின் காதைத் திருப்பிய சம்பவம் அந்த வகுப்பறையில் நடக்கவில்லை, ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் நடந்தது. என்னைப் போன்றவனுக்கு அதைப் படிக்கும்போது உடம்பு சிலிர்க்கும். ஏனென்றால் அந்த அறை எனக்குத் தெரியும்.

'சாப்பக்குவா' என்ற படத்துக்குப் பண்டிட் ரவிசங்கர் பாரிஸில் இசையமைத்தார். வாசிக்க வந்தவர்கள் பிரெஞ்சு ஸ்டூடியோக் கலைஞர்கள், எங்களைப் போலவே எழுதிக் கொடுத்தால் வாசிப்பவர்கள். ரவிசங்கரிடம் எழுதிய தாள் எதுவும் இல்லை. படத்தின் காட்சியைப் பார்ப்பார். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய வரியை அங்கேயே பாடுவார். அதை உடனுக்குடன் மேல்நாட்டு நொட்டேஷனில் எழுதிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாகப் போனவர் கிளாஸ். எங்கள் ஸ்டூடியோக்களிலும் இசையமைப்பாளர் பாடிக்காட்ட, உதவியாளர் எழுத, அந்த மை காய்வதற்குள் நாங்கள் வாசித்த நாட்கள் உண்டு.

கிளாஸ் எழுதிக் கொடுத்தார். அவர்கள் வாசித்தார்கள். உடனே தபலாவிலிருந்து உஸ்தாத் அல்லா ரக்கா தலையை ஆட்டினார், சரியில்லை என்று. சுரங்கள் எல்லாம் சரியாகவே இருந்தன. தப்பு அழுத்தத்தில் இருந்தது.

இங்கே வாசகருக்கு ஒரு விஷயத்தை விளக்க வேண்டும். மேல்நாட்டு நொட்டேஷனில் சுரங்களைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து நடுவே செங்குத்தாகக் கோடு போடுவார்கள். அந்தக் கட்டத்தை நாங்கள் 'பார்' என்போம். கோட்டுக்கு அடுத்து வரும் முதல் சுரத்தைக் கொஞ்சம் அழுத்தி வாசிக்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே கைக்குப் பழக்கம். வில் தானாகவே அங்கே கீழ்நோக்கி இறங்கும். நம் சங்கீதத்தில் அப்படி இல்லை. தாளம் கையில் தனியாக ஓடுகிறது. பாட்டு அதன்மேல் தன் போக்கில் போகிறது. சமத்தில் விழும் சுரத்தை இடித்துப் பாட வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை.

கிளாஸ் கோட்டை இடம் மாற்றிப் பார்த்தார். அழுத்தம் வேறொரு தப்பான சுரத்தில் போய் விழுந்தது. மறுபடியும் மாற்றினார், மறுபடியும் தப்பு. அல்லா ரக்கா ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார், எல்லாச் சுரமும் சமம் என்று. ஒலிப்பதிவுக் கூடத்தில் மணிக்கணக்கில் காசு ஓடிக்கொண்டிருக்க, வாத்தியக்காரர்கள் எல்லோரும் காத்திருக்க, கிளாஸ் விரக்தியில் எல்லாக் கோடுகளையும் அழித்துவிட்டார். அழித்த தாளில், இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து முடிவில்லாமல் ஓடும் சுரவரிசை அவர் கண்ணுக்குத் தெரிந்தது. அதையே வாசிக்கச் சொன்னார். அல்லா ரக்காவின் முகம் மலர்ந்தது.

பின்னாளில் நியூயார்க்கில் அல்லா ரக்காவிடமே கிளாஸ் தபலாப் பாடம் கேட்டார். தம் இரண்டு தோள்களிலும் இரண்டு ஆசிரியர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், பூலாஞ்சே பயத்தால் கற்பித்தார், ரவிசங்கர் அன்பால் கற்பித்தார் என்ற பொருளில் பலமுறை பேசியிருக்கிறார். நம் தாளத்தை அவர் முழுக்கக் கற்றுத் தேர்ந்தார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆவர்த்தனம் சுழன்று சமத்துக்கு வந்து சேரும் அந்தக் கணக்கு அவர் இசையில் இல்லை. தமக்குத் தேவையான ஒன்றை எடுத்துக்கொண்டார், அதைத் தம் வழியில் வளர்த்தார். கற்பவன் செய்யக்கூடிய நேர்மையான காரியம் அது என்று நினைக்கிறேன்.

எப்படி வளர்த்தார்? 1968இல் எழுதிய 'டூ பேஜஸ்' என்ற படைப்பைப் பார்க்கலாம். அதன் ஆரம்பம் ஐந்தே சுரங்கள். நம் கணக்கில் மந்தர ஸ்தாயிப் பஞ்சமத்திலிருந்து ப ஸ ரி க ம. இதையே வேகமாகத் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும். பிறகு ஐந்தோடு வேறொரு சின்னத் துண்டு ஒட்டிக்கொள்ளும். அதையும் சேர்த்துப் பலமுறை வாசிக்க வேண்டும். பிறகு இன்னொரு துண்டு. வரிசை நீளும், குறையும், மறுபடியும் நீளும். வேகம் மாறாது, அழுத்தம் மாறாது, நீளம் மட்டுமே மாறும். நம் தனி ஆவர்த்தனத்தில் குறைப்பு கேட்டுப் பழகியவர்களுக்கும், கோபுச்ச யதியில் சொற்கட்டு சுருங்கி வருவதை ரசிப்பவர்களுக்கும் இதன் உள்வேலை நொடியில் பிடிபடும். அன்றைய நியூயார்க் விமர்சகர்களுக்குப் பிடிபடவில்லை. ஊசி மாட்டிக்கொண்ட இசைத்தட்டு என்றார்கள்.

அந்த வருஷம் நியூயார்க்கின் குவீன்ஸ் கல்லூரியில் அவர் நடத்திய கச்சேரிக்கு வந்தவர்கள் ஆறு பேர். அதில் ஒருவர் பால்டிமோரிலிருந்து ரயிலேறி வந்த அவருடைய அம்மா. இசையைப் பற்றி அம்மா ஒன்றும் சொல்லவில்லை. முடி நீளமாக இருக்கிறது, வெட்டிக்கொள் என்று மட்டும் சொன்னாராம். ஆம்ஸ்டர்டாமில் நடந்த இன்னொரு கச்சேரியில் கேட்க வந்த ஒருவர் ஆத்திரத்தில் மேடையேறி கீபோர்டில் கைவைத்துவிட்டார். கிளாஸ் அவரை ஒரு குத்து விட்டுத் தள்ளிவிட்டு வாசிப்பைத் தொடர்ந்தார்.

கச்சேரி அரங்குகள் கதவைத் திறக்காததால் ஓவியர்களின் கிடங்கு வீடுகளிலும், கலைக்கூடங்களிலும், அருங்காட்சியகங்களிலும் வாசித்தார்கள். ஏழெட்டுப் பேர் கொண்ட குழு. மின்சார ஆர்கன்கள், சாக்ஸபோன், புல்லாங்குழல், ஒரு குரல், எல்லாம் ஒலிபெருக்கி வழியாக. மிக்ஸரில் உட்காரும் ஒலிப்பொறியாளர் கர்ட் முன்காச்சியும் குழுவில் ஒருவர்.

இனி பிழைப்பின் கதை. நியூயார்க்குக்குத் திரும்பியதும் வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் தொழில். அதில் சக இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக்கும் கூட்டு. பிறகு சிற்பி ரிச்சர்ட் செர்ராவிடம் உதவியாளர். கனமான ஈயத் தகடுகளைத் தூக்கிச் சாய்த்து நிறுத்துகிற வேலை. பிறகு பிளம்பர். முறையாக யாரிடமும் படிக்கவில்லை. குழாய்ச் சாமான் விற்கும் கடைக்காரர்களிடம் கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டார். ஒருநாள் சோஹோ பகுதியில் ஒரு வீட்டில் பாத்திரம் கழுவும் இயந்திரம் மாட்டிக்கொண்டிருந்தபோது, வீட்டுக்காரர் வந்து பார்த்துத் திகைத்துப்போனார். அவர் 'டைம்' பத்திரிகையின் கலை விமர்சகர் ராபர்ட் ஹியூஸ். நீங்கள் பிலிப் கிளாஸ் ஆயிற்றே, இங்கே என்ன செய்கிறீர்கள் என்றார். இயந்திரம் மாட்டுகிறேன், சீக்கிரம் முடிந்துவிடும் என்றார் கிளாஸ். நீங்கள் ஒரு கலைஞர் அல்லவா என்று ஹியூஸ் பதற, ஆமாம், சில சமயம் பிளம்பரும்கூட என்று விளக்கிவிட்டு, தம்மை வேலையை முடிக்க விடும்படி கேட்டுக்கொண்டார்.

கடைசியாக டாக்ஸி. மாலையில் வண்டியை எடுத்து நள்ளிரவு தாண்டித் திருப்பி விடுவார். வீட்டுக்கு வந்து விடியும் வரை எழுதுவார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய பிறகுதான் தூக்கம். அவர் ஏன் கல்லூரி ஆசிரியர் வேலைக்குப் போகவில்லை என்று பலர் கேட்பார்கள். மூன்று வாரம் கச்சேரிப் பயணம் போய்விட்டு வந்தாலும் டாக்ஸி அங்கேயே நிற்கும். குழாய் வேலையும் அப்படித்தான். கல்லூரி அப்படி விடாது. எந்த வேலை தம் நேரத்தைத் தம்மிடமே விட்டுவைக்கும் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தார்.

இதைவிட முக்கியமான இன்னொரு தீர்மானத்தை அவர் எடுத்தார், என் பிள்ளைகளிடம் நான் அழுத்திச் சொல்வது அதைத்தான். குழுவுக்காக எழுதிய இசையின் தாள்களை அவர் வெளியில் யாருக்கும் கொடுக்கவில்லை. பதிப்பகங்களிடம் உரிமையை ஒப்படைக்கவில்லை. அந்த இசை வேண்டும் என்றால் அந்தக் குழுவைத்தான் அழைக்க வேண்டும். கூட வாசித்தவர்களுக்குக் கச்சேரிக்குக் கச்சேரி சம்பளம் கொடுத்தார். பிற்காலத்தில் தம் படைப்புகளின் உரிமையைக் கவனிக்கச் சொந்தமாக டன்வேகன் என்ற பதிப்பு நிறுவனத்தையே வைத்துக்கொண்டார். தட்டைக் கொடுத்துக் காசை வாங்குவதைக் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, இசைக்கு விலை கேட்பதில் கூச்சம் இருக்கவில்லை.

கால்ஷீட்டில் வாழ்ந்த எனக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் வாசித்தோம், அன்றைய கூலியை வாங்கினோம், வீட்டுக்குப் போனோம். அந்தப் பாட்டு முப்பது வருஷமாக ஒலித்தாலும் அதற்கும் எங்களுக்கும் கணக்கு அன்றே முடிந்தது. நம் நாட்டில் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்குமே ராயல்டியைப் பிறர் பறிக்க முடியாத உரிமையாக்கியது 2012இல் வந்த காப்புரிமைச் சட்டத் திருத்தம். அதற்கு முன்பு ஒரே கையெழுத்தில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நின்றவர்கள் எத்தனையோ பேர். பணமே இல்லாத காலத்தில், யாரும் கேட்காத இசையை எழுதிக்கொண்டு, இதன் உரிமை என்னுடையது என்று பிடித்து வைத்துக்கொள்ளத் தைரியம் வேண்டும். அந்த இசைக்கு ஒருநாள் மதிப்பு வரும் என்ற நம்பிக்கை வேண்டும். ஷோன்பெர்க் தட்டுகள் ஏழு வருஷம் இருந்த அலமாரியைப் பார்த்து வளர்ந்தவருக்கு அது வாய்த்தது.

1976 ஜூலை 25 அன்று பிரான்சின் அவினியோன் விழாவில் 'ஐன்ஸ்டைன் ஆன் தி பீச்' அரங்கேறியது. மேடையமைப்பு ராபர்ட் வில்சன். ஓபரா என்று பெயர், ஆனால் கதை இல்லை. கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம், இடைவேளை கிடையாது. ரசிகர்கள் விருப்பம்போல் எழுந்து போய்விட்டு வரலாம். விடிய விடிய நடக்கும் கதகளியைக் கேரளத்தில் போய்ப் பார்த்தவர் கிளாஸ். இவ்வளவு நேரம் மேடையில் எதையாவது நிகழ்த்தலாம் என்பது அவருக்குப் புதிதல்ல. பாடகர்கள் பாடியது என்ன தெரியுமா? ஒன்று, இரண்டு, மூன்று என்ற எண்களையும், டோ ரே மி என்ற சுரப்பெயர்களையும். ஒத்திகையில் தாளக்கணக்கும் சுரமும் மறக்காமல் இருக்க வைத்துக்கொண்டதே கடைசியில் பாட்டின் சாகித்தியமாக நின்றுவிட்டது. கல்பனா சுரமும் ஜதியும் கேட்டு வளர்ந்த நமக்கு இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஐரோப்பா ஆடிப்போனது.

அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில், வழக்கமான நிகழ்ச்சிகள் இல்லாத ஞாயிற்றுக்கிழமை இரவுகளில், அதை நடத்தினார்கள். மூவாயிரத்து எண்ணூறு பேர் அளவுக்குக் கொள்ளும் அரங்கம். எல்லா டிக்கெட்டும் விற்றது. எட்டு வருஷத்துக்கு முன் ஆறு பேரில் ஒருவராக உட்கார்ந்திருந்த அம்மா இங்கேயும் வந்திருந்தார். அரங்கம் நிறைந்தும் தயாரிப்புச் செலவு பெருங்கடனில் கொண்டுபோய் விட்டது. கிளாஸ் மறுபடியும் டாக்ஸி எடுத்தார். ஒருநாள் வண்டியில் ஏறிய அம்மாள் ஒருவர், முன்னால் மாட்டியிருந்த டிரைவர் அட்டையில் பெயரைப் பார்த்துவிட்டு, தம்பி, ரொம்பப் பிரபலமான ஓர் இசையமைப்பாளரின் பெயர் உனக்கு இருக்கிறது தெரியுமா என்று கேட்டாராம்.

1978இல் நெதர்லாந்திலிருந்து ஒரு புதிய ஓபராவுக்கு அழைப்பு வந்தது. கூடவே ஓர் உதவித்தொகையும். அதோடு டாக்ஸி நின்றது. அந்த ஓபராதான் 'சத்யாகிரஹா'. 1980 செப்டம்பர் 5 அன்று ராட்டர்டாமில் அரங்கேறியது.

இந்தப் படைப்பின் விதை இந்தியாவில் விழுந்தது. பாரிஸ் படிப்பு முடிந்ததும் 1966இல் தரைவழியாகவே இந்தியாவுக்கு வந்தவர் கிளாஸ். பிறகு பலமுறை வந்தார். அப்படி ஒரு பயணத்தில் காலிம்பொங்கில் ஒரு கம்பளக் கடைக்காரர், காந்தியின் உப்பு யாத்திரையைப் பற்றிய பழைய செய்திப்படம் ஒன்றை அவருக்குத் திரையிட்டுக் காட்ட ஏற்பாடு செய்தார். காந்தி என்ற மனிதர் யார் என்று தொடங்கிய அவருடைய தேடல் தென்னாப்பிரிக்கா வரை போனது. ஓபராவில் வருவது தண்டி காந்தி அல்ல, தென்னாப்பிரிக்கக் காந்தி. 1897இல் டர்பனில் கும்பல் தாக்கியது, 1906இன் உறுதிமொழி, 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகை, பதிவுச் சீட்டுகளை எரித்தது, டால்ஸ்டாய் பண்ணை, 1913இன் நியூகாசில் நடைப்பயணம். மூன்று அங்கங்களுக்கும் டால்ஸ்டாய், தாகூர், மார்ட்டின் லூதர் கிங் என்று பெயர். பாடும் சொற்கள் முழுக்க பகவத் கீதையிலிருந்து, சமஸ்கிருதத்திலேயே. அவற்றைத் தேர்ந்து தொகுத்தவர் கான்ஸ்டன்ஸ் டிஜாங். காந்தி கீதையை மனப்பாடமாக வைத்திருந்தவர். அவர் நடந்த வழியில் அவர் மனத்துக்குள் ஓடியதையே பாடட்டும் என்பது திட்டம். வாத்தியங்களில் தந்திகள், மரக்குழல்கள், ஓர் ஆர்கன். பித்தளைக் கொம்புகளும் தாள வாத்தியங்களும் அறவே இல்லை. போராட்டத்தைச் சொல்லும் ஓபராவில் முரசு இல்லை.

தமிழ் வாசகர் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். நியூகாசில் நடைப்பயணம் யாருடைய நடை? 1913இல் டிரான்ஸ்வாலிலிருந்து கிளம்பிய தமிழ்ப் பெண்கள், போராட்டத் தலைவர் தம்பி நாயுடுவின் மனைவி உட்பட, நியூகாசிலுக்குப் போய் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் பேசி வேலைநிறுத்தத்தில் இறக்கினார்கள். பிறகு சிறைக்குப் போனார்கள். சுரங்கங்களில் இருந்தவர்களில் பெரும்பகுதி ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிப் போன நம் மக்கள். அவர்களோடு எல்லை தாண்டிக் காந்தி நடந்தார். 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் என்று அவரே கணக்கு எழுதி வைத்திருக்கிறார். அந்தப் போராட்டத்தில் சிறை சென்ற பதினாறு வயதுத் தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். ஓபராவில் திருமதி நாயுடு என்று ஒரு பாத்திரம் உண்டு, சோப்ரானோ குரலுக்கு எழுதியது. காந்தி, கஸ்தூர்பா, காந்தியின் நண்பர் காலன்பாக் ஆகியோருக்குப் பக்கத்தில் அந்தப் பெயர் பாத்திரப் பட்டியலில் இருப்பதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. நம் பாட்டிமார் நடந்த நடைக்கு ராட்டர்டாமிலும் நியூயார்க்கிலும் பாட்டு ஒலிக்கிறது. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நியூகாசில் நடைப்பயணமாக வரும் கடைசிக் காட்சியின் முடிவில் காந்தி தனியாக நின்று பாடுகிறார். பாட்டு என்று பார்த்தால் ஏறிப்போகும் ஒரே ஒரு சுரவரிசை. மேல்நாட்டார் ஃப்ரிஜியன் என்று சொல்லும் அந்த வரிசை, நம் எட்டாவது மேளகர்த்தாவான ஹனுமத்தோடியின் ஆரோகணம். கமகம் கிடையாது, ஆகவே நம் காதுக்குத் தோடியாகக் கேட்காது. படிக்கட்டில் ஏறுவதைப் போல் ஒவ்வொரு சுரமாக வெறுமையாக ஏறும். முப்பது தடவை அதே ஏற்றம். கீழே வாத்தியங்களின் நகர்வு மாறிக்கொண்டே இருப்பதால், அதே சுரங்கள் ஒரு தடவை துக்கமாகவும் அடுத்த தடவை தீர்மானமாகவும் கேட்கும். அல்லா ரக்காவின் அந்த வாக்கியத்தைக் கிளாஸ் எவ்வளவு தூரம் கொண்டுபோனார் என்பதை இந்த இடத்தில் கேட்கலாம். அழுத்தம் எதிலும் இல்லை, எல்லாச் சுரமும் ஒரே எடை, அப்படியிருந்தும் பாட்டு நகர்கிறது.

2011 டிசம்பர் 1 அன்று நியூயார்க்கில் இந்த ஓபரா முடிந்த நேரம், வால் ஸ்ட்ரீட் ஆக்கிரமிப்பு இயக்கத்தினர் அரங்குக்கு வெளியே கூடியிருந்தார்கள். 74 வயதுக் கிளாஸ் அவர்களிடம் போய், ஓபராவின் இறுதி வரிகளைச் சொன்னார். ஒலிபெருக்கி இல்லாததால் அவர் சொன்ன ஒவ்வொரு சொற்றொடரையும் கூட்டம் சேர்ந்து திருப்பிச் சொன்னது.

'சத்யாகிரஹா'வுக்குப் பிறகு நடந்தவை உலகம் அறிந்தவை. 1984இல் ஸ்டுட்கார்ட்டில் 'அக்நாட்டன்' ஓபரா. காட்ஃப்ரே ரெஜியோவின் 'கொயானிஸ்கட்சி' முதல் ஸ்கார்செஸியின் 'குந்துன்', பிறகு 'தி அவர்ஸ்' வரை படங்கள். மூன்று ஆஸ்கர் பரிந்துரைகள். 1990இல் ரவிசங்கரோடு சேர்ந்து 'பேசேஜஸ்' இசைத்தட்டு. ஒருவர் தந்த கருவை வைத்து மற்றவர் இசை எழுதினார். சிம்ஃபொனிகள் ஒரு டஜனைத் தாண்டின. எல்லாமே ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். கேட்டவர்களுக்கெல்லாம் எழுதிக் கொடுத்தவர் அவர்; பிற்காலத்துச் சில படைப்புகளில் கை பழகிய தடத்திலேயே போவது தெரிகிறது. தினமும் எழுதும் ஒரு தொழிலாளிக்கு அப்படி நேரும்.

திரும்பத் திரும்ப ஒன்றையே வாசிப்பதில் என்ன கஷ்டம் என்று கேட்பவர்கள் ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும். அவருடைய மூன்றாவது ஸ்ட்ரிங் குவார்டெட்டை, 'மிஷிமா' என்ற படத்துக்காக எழுதியதை, என் மாணவர்கள் மூவரோடு உட்கார்ந்து வாசித்திருக்கிறோம். தாளைப் பார்த்தால் ஐந்தாம் கிரேடு பிள்ளைக்கும் சுரங்கள் தெரியும். ஆனால் வில்லின் அளவு ஒரே சீராக நிற்க வேண்டும். எத்தனையாவது ரிப்பீட் என்று நான்கு பேரும் ஒரே எண்ணை மனத்தில் பிடித்திருக்க வேண்டும். ஒருவர் கவனம் அரை நொடி நழுவினால் நான்கு பேரும் சரிவார்கள். நம் வாசிப்பில் எங்கே தேவையில்லாமல் அழுத்துகிறோம், எங்கே அவசரப்படுகிறோம் என்பதை அந்தத் தாள் ஒளிக்காமல் காட்டிவிடும். வேகமான பயிற்சிகளில் ஒளிந்துகொள்ளும் மாணவர்களுக்கு நான் இப்போது இதையே பாடமாகக் கொடுக்கிறேன்.

புதிதாகக் கேட்க விரும்புகிறவர்கள் ஓபராவில் ஆரம்பிக்க வேண்டாம். 'கிளாஸ்வொர்க்ஸ்' தொகுப்பின் முதல் பியானோத் துண்டு ஆறேழு நிமிஷம்தான். இடது கை இரண்டாகப் பிரிப்பதை வலது கை மூன்றாகப் பிரிக்கும். அடுத்து 'பேசேஜஸ்', அதில் நமக்குப் பழகிய குரலும் சித்தாரும் வழிகாட்டும். பியானோ படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவருடைய இருபது எட்யூடுகளில் இரண்டாவதைத் தேடிக் கொடுங்கள். காது பழகிய பிறகு 'சத்யாகிரஹா'வின் மூன்றாம் அங்கம். அதை மட்டும் வேறு வேலை செய்துகொண்டே கேட்காமல், நியூகாசிலிலிருந்து நடந்தவர்கள் யார் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, முழுக்க உட்கார்ந்து கேளுங்கள்.